அழிப்பான்

ஹாம்பர்க் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில்
எனக்குச் சம்பளம் வாங்கித் தருவது ஒரு ரப்பர்த் துண்டு.
திரும்பி வரும் புத்தகங்களில் பென்சில் தடத்தை அழிக்கிறேன்.
பேனா என்றால் லெவ்கே பக்கம் தள்ளிவிடுவேன்.
அபராதம் அவள் இலாகா.

அக்டோபரில் கொள்ளைநோய் வரலாற்று வகுப்பு தொடங்கும்.
கதவில் பரிந்துரைப் பட்டியல் ஒட்டுவார்கள், பதினொரு தலைப்பு.
பிப்ரவரியில் அவை என் மேசைக்கு வரும்,
காபிக் கறையோடு,
ஒருமுறை தக்காளி விதையோடு.

நான் அதிகம் படித்தவள் இல்லை.
கோடு விழுந்த வரிகளை மட்டும்
பதினாறு வருடமாகப் படிக்கிறேன்.
எலி வரும் இடத்தில் எல்லோரும் கோடு போடுகிறார்கள்.
பெரியம்மைக்கு ஆச்சரியக்குறி.
கப்பல்களை நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்திய பக்கத்தில்
முகமூடிக் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள்
கோடு போடுவதில்லை,
'தெரியும்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்பதாவது புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. செங்கல் கனம்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு, இதே ஊர், வாந்திபேதி.
எல்பே நீரை அப்படியே குடித்த தெருக்கள் இந்தப் பக்கம்,
வடிகட்டிக் குடித்த அல்டோனா அந்தப் பக்கம்,
நடுவே ஒரு சாலை,
பீர் வண்டி திரும்பும் அகலம்.
சாவு அதைத் தாண்டவில்லை என்கிறது வரைபடம்,
ஏறக்குறைய.

பக்கம் இருநூற்றுப் பதின்மூன்றில் அட்டவணை.
சந்து, வீட்டு எண், இறந்தோர்.
க்ரோகர் சந்து, பதினான்கு: ஆறு.
குழாய் வழியே ஆறு நுழைந்த வீட்டில் ஆறு.
அதைப் பென்சிலால் அடித்து
பக்கத்தில் ஏழு.

அவ்வளவுதான்.
பெயரில்லை, கேள்விக்குறியில்லை.
இடுப்பில் குறுக்குக் கோடு இழுத்த
பழைய பள்ளிக்கூடத்து ஏழு.
கடைசித் தேதி முத்திரை: 1931, மே.

யார் அது?
பரண் வாடகைக்குப் படுத்த துறைமுகக் கூலியா,
பெயர் வைக்குமுன் போன சிசுவா,
வேறு சந்துக்குத் தூக்கிப்போய்
அங்கே எண்ணப்பட்டவளா?
எழுதியவர் தப்பாகவும் சொல்லலாம்.
துக்கம் கூட்டல் கணக்கில் அப்படியொன்றும் கெட்டியில்லை.

விதியில் சந்தேகமில்லை: பென்சில் என்றால் அழி.
ரப்பரை வைத்தேன்.
குறுக்குக் கோட்டின் ஒரு முனை மங்கியது,
அதற்குள் கை தானாக விலகிக்கொண்டது.
"என்ன, பேனாவா?" என்றாள் லெவ்கே.
"பேனாதான்."
அவள் வாங்கிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.
அபராதச் சீட்டில் பெயர் எழுதும் கட்டத்தைக்
காலியாக விட்டு உள்ளே செருகி
அலமாரிக்கு அனுப்பினாள்.

அது போன வருடம்.
இந்த பிப்ரவரியில் ஒன்பதாவது புத்தகம் வந்தது,
யாரோ எடுத்திருக்கிறார்கள், அதிசயம்.
சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.
ஏழுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு.

கோட்டை மட்டும் அழித்தேன்.