கன்னக்குழி

லீத் துறைமுகத்திலிருந்து மேடேறும் பேருந்தில்
எதிர் இருக்கையில் ஒருத்தி.
பார்த்ததுமே தெரிந்துவிட்டது,
அவளும் அந்த மாத்திரையைத் தின்றவள்.

சிரித்தால் விழும் குழி சிலருக்கு.
எங்களுக்குச் சிரிக்காவிட்டாலும் உண்டு.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
உயிரை வைத்துக்கொள், சதையைக் கொடு என்று
கறாராகப் பேரம் பேசிய மருந்து.
முகத்தில் எடுத்ததைப்
பிடரியில் கொஞ்சம், வயிற்றில் கொஞ்சம்
திருப்பி வைத்தது,
எடுத்த இடம் மறந்தவன் மாதிரி.

எண்பத்தேழில் எனக்கு நாள் குறித்தார்கள்.
இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று.
எனக்கு இருபத்து மூன்று வயசு.
பிஸ்கட் ஆலையில் பென்ஷனுக்குப் பிடித்த காசை
மொத்தமாகத் திரும்ப வாங்கி
பச்சைத்தோல் பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்தேன்.
முப்பது வருஷம் தாங்கும் என்றான் கடைக்காரன்.
தாங்கிற்று.
பாதங்கள்தான் தாங்கவில்லை.

அவை என்னுடையவை என்பதற்கு
இப்போது கண்தான் சாட்சி.
குளியலறைத் தரையின் சில்லிப்பு
அவற்றுக்குத் தெரியாது.
படுத்தால் மட்டும்,
நேர்ந்துகொள்ளாத கடனுக்கு
விடிய விடியத் தீ மிதிக்கின்றன.

இன்று எலும்பைப் படமெடுத்த பெண்
காதில் நான்கு வளையம் போட்டவள்
திரையை என் பக்கம் திருப்பினாள்:
எண்பது வயதுக்காரியின் இடுப்பு.
சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருக்கிறதாம்.
மருந்தாலா, கிருமியாலா, வயசாலா,
பிரித்துச் சொல்ல முடியாது என்றாள்.

வயசாலா.
அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.
காது கேட்கவில்லை என்று நினைத்து
குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரே ஊசியைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து பேர் நாங்கள்.
டூகலுக்கு இருபத்தாறு.
மோர்னாவுக்கு முப்பத்தொன்று ஆக ஒன்பது நாள் இருந்தது,
கேக்குக்குச் சொல்லி வைத்திருந்தோம்.
மற்ற இருவரின் பெயரை
பேருந்தில் வைத்து நினைப்பதில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
அவள் எழுந்தாள்.
கம்பியைப் பற்றி, குனிந்து,
வலது கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.
பிறகு இடது.

'படி வழுக்கும், பார்த்து' என்றேன்.

திரும்பினாள்.
என் முகத்தை நிதானமாகப் படித்தாள்,
பழைய ரசீதைப் படிப்பதுபோல.
'ஸ்டாவுடினா?'
'ஏழு வருஷம்.'
'எனக்கு ஒன்பது' என்றாள்,
கோப்பை ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து.

அவள் முழுதாக இறங்கும்வரை
ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
பின்னாலிருந்து யாரோ
நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.