ஒன்பதாம் பந்தி

பள்ளிக்கூடக் குலுக்கலில் ஆரணியின் பேர் விழுந்தது.
ஹீட்டர் வந்த பழைய பெட்டிக்குள்
மூன்று குஞ்சுகளோடு காரில் ஏறினாள்.
பெண்டிகோவில் ஆகஸ்ட் மாதம்.
விடிய எழும்பிக் கண்ணாடியில் உறைந்த பனியைச்
சுரண்டிச் சுரண்டி வேலைக்குப் போகிற காலம்.

ஆசிரியை தந்த தாளில் இருந்தது:
முதல் கிழமை முப்பத்தைந்து பாகை,
பிறகு கிழமைக்கு மூன்று மூன்றாய்க் குறைக்கவும்.
இந்த வீட்டில் ஒருவருக்கும்
முப்பத்தைந்து பாகை வாய்த்ததில்லை.
மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பதினேழில் இருக்கிறோம்,
இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு.
சலவை அறையில் சிவப்பு மின்குமிழ் எரியத் தொடங்கியதும்
நாங்களும் ஒவ்வொருவராய் அங்கே போய்
உடுப்பு மடிக்கிறோம் என்று சொல்லி
குந்தியிருந்தோம்.

பத்திரிகை விரித்தால் கால் வழுக்கிக் கோணிப்போகும், துவாய் விரி.
தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடு,
இல்லாவிட்டால் தலை கவிழ்ந்து மூழ்கிவிடும்.
சொண்டை ஒருமுறை நனைத்துக் காட்டு.
குடிக்கக்கூடத் தெரியாமலா
இவ்வளவு சத்தத்தோடு பிறந்து வந்தீர்கள்?

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள்.
கோழியைச் சொன்னார்கள்.
பதினோராம் நம்பர் பூட்ஸ் போடும் என்னைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன்.
ஒன்று கழுத்தைப் போட்டு, கால் இரண்டையும் நீட்டி,
சரிந்து கிடந்தது.
ஆரணிக்கு என்ன சொல்வது என்று
வசனம் கூட யோசித்துவிட்டேன்.
விரலால் தொட்டதும் ஒரு கண்ணைத் திறந்து,
இந்த நேரத்தில் உனக்கென்ன வேலை என்பதுபோல் பார்த்து,
மற்றதின்மேல் ஏறிப் படுத்தது.

இரண்டாம் நாள் அதே குஞ்சுக்குப் பின்புறம் அடைத்துக்கொண்டது.
சுகிர்தா தாளை வாசிக்க,
வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு,
நான் பிடித்தேன்.
இந்தக் கைக்குத் தெரியும்
தொடை எலும்பு எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று.
பதினொரு வருடம், நிமிடத்துக்குப் பதினாறு.
என் மேசைக்கு வருபவை
தலையில்லாமல், இறகில்லாமல், நாலு பாகைக் குளிரில் வரும்.
உயிரோடு ஒன்றைப் பிடித்ததே இல்லை.
உள்ளங்கையில் அது
ஒரு பூட்டிய கைபேசி அடிப்பதுபோல்
துடித்துக்கொண்டிருந்தது.
கெட்டியாகப் பிடி என்றாள் சுகிர்தா.
எவ்வளவு கெட்டியாக என்று
தாளில் இல்லை.

இன்னொரு தாளும் உண்டு.
வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வைத்தது.
ஒன்பதாம் பந்தி: ஊழியர் வீட்டில் பறவைகள் வளர்க்கக் கூடாது.
நோய் தொற்றும். நியாயம்தான்.
அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டேன்;
நாங்கள் வசிக்கவே ஒருவர் கையெழுத்து வேண்டியிருந்த காலம்,
பறவைக்கு எங்கே போவது.

அதனால் கராஜில் உடுப்பு மாற்றுகிறேன்.
குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.
செருப்பு வேறு, சவர்க்காரம் வேறு,
பொய் மட்டும் ஒன்று.
எங்கே வேலை செய்கிறாய் என்று
குஞ்சுகள் கேட்கவில்லை.
ஆரணியும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.
வெள்ளிக்கிழமை சுகிர்தா பருப்பு வைத்தாள்.
அடுத்த வெள்ளியும் பருப்பு.
விரதமா என்று ஒருவரும் கேட்காமல்
அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சாப்பிட்டோம்.

நேற்று, உடை மாற்றும் அறையில்
எதிர் மேசையில் வெட்டும் கரென் பெண், நோ மூ,
என் கழுத்துப் பட்டியில் எதையோ பார்த்தாள்.
கிட்ட வந்து கிள்ளி எடுத்தாள்.
மஞ்சளாய், ஊதினால் போய்விடும் போல்.
மேற்பார்வையாளர் கதவருகே நின்றார்.
அவள் அதைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
ஏப்ரனுக்கு அடியில் மூன்று விரல் காட்டினேன்.
அவள் ஐந்தையும் விரித்தாள்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து
பெருவிரலை மடக்கினாள்.

மணி அடித்தது.
இரண்டு பேரும் கையுறை போட்டோம்.