இறால் ஓடும் மக்கிய வைக்கோலும்

செவ்வாய்க்கிழமை எட்டே முக்கால்.
வெர்லின் ஸ்கோக்ஸ்டாட்
இடது மோதிர விரலை நீட்டுகிறார்.
எப்போதும் அந்த விரல்தான்.
நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியதில்
மற்றவை காய்த்துப்போய்விட்டன,
உன் ஊசி உடையும் என்பார்.

ஒரு சொட்டு.
கருவி யோசிக்கிறது.
ஐந்து புள்ளி ஒன்று.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஆறு வருஷம் அடங்கி நின்ற ரத்தம்
பனிச்சாலையில் பிரேக் பிடிக்காத வண்டியாய்
எங்கோ போய் நிற்கிறது.

தாளில் உள்ளபடி கேட்கிறேன்.
புதிதாக மருந்து?
இல்லை.
ஆன்டிபயாடிக்?
இல்லை.
கீரையைக் குறைத்தீர்களா?
எப்போது தின்றேன், குறைப்பதற்கு.
பிராந்தி?
வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ஒன்று. அது மாமூல்.

சட்டைக் கையை ஏற்றினால்
முழங்கைக்கு மேல் ஒரு நீலம், ஓரம் மஞ்சளித்து.
எங்கே இடித்தது?
ஞாபகமில்லை.
ஞாபகமில்லாத இடிதான் எனக்குப் பயம்.

இந்த மருந்துக்குப் பூர்வீகம் இந்தப் பக்கத்துப் புல்வெளி.
வெர்லின் பிறப்பதற்கு முன்
நனைந்த குளோவர் வைக்கோலில் பூஞ்சை பூத்தது.
வேறு தீவனம் வாங்கக் காசில்லை.
தின்ற மாடுகள்
கொம்பு அறுத்த இடத்தில் ரத்தம் உறையாமல்
ஒழுகி ஒழுகிச் செத்தன.
அந்த விஷத்தின் வழியிலேயே போய்
முதலில் எலிக்கு வைத்தார்கள்.
பிறகு நமக்கு.
மாட்டுக்கும் எலிக்கும் அப்புறம்தான் நான், என்று
வெர்லின் அதற்கும் சிரிப்பார்.

இன்று சிரிக்காமல் எழுந்தார்.

எழுந்தார்.
அப்போதுதான் உறைத்தது.
நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை.
'உஃப் டா' சொல்லவில்லை.
அந்த முனகல் இல்லாமல் ஒருநாளும்
என் நாற்காலியை விட்டு அவர் எழுந்ததில்லை.

"முழங்கால் எப்படி இருக்கிறது, வெர்லின்?"
"நன்றாக இருக்கிறது."
"ஏன் நன்றாக இருக்கிறது?"

ஒரு நர்ஸ் ஒருவரை இப்படி அதட்டக் கூடாது.

கோட்டுப் பையிலிருந்து வந்தது குப்பி.
பௌலிங் கூட்டாளி டெல்பர்ட் தந்ததாம்.
லேபிளில் ஒரு ஜோடி
பல் தெரிய சைக்கிள் ஓட்டுகிறது.
"இது மருந்தே இல்லை.
நாய் பிஸ்கட் அலமாரிக்கு எதிரில் விற்கிறார்கள்."

இறால் ஓட்டிலிருந்து குளுக்கோசமின்.
மீன் எண்ணெய். மஞ்சள் சாறு.
கடல் பார்க்காத மாவட்டத்தில்
ஒரு பால்காரருக்குள்
இறால் ஓடும் மக்கிய வைக்கோலும் சந்தித்து
என்ன பேசிக்கொண்டனவோ.
சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை.
சிலருக்கு ஆகிறது.
யார் அந்தச் சிலர் என்று
சைக்கிள் ஜோடி சொல்வதில்லை.

நிறுத்தணும் என்றேன்.
கதவுப் பிடியைப் பார்த்தபடி நின்றார்.

அக்டோபரிலிருந்து ஆர்டிஸால் குனிய முடியவில்லை.
இடுப்பு ஆபரேஷன்.
காலையில் அவளுக்கு லேஸ் கட்டுவது நான்தான்.
குனிந்தால் எட்டாது, மண்டியிடணும்.
மண்டியிட்டால் எழ முடியாது.
ஒரு நாள் தரையிலேயே
அரை மணி நேரம் இருந்தேன்.
அவள் மேலிருந்து எனக்குப் பேப்பர் வாசித்தாள்.

என் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற கோட்டில் எழுதினேன்:
ஷூ லேஸ்.

டாக்டருக்குப் போன் போனது.
இரண்டு வேளை மருந்து வேண்டாம் என்றார்.
குப்பி என் மேஜை டிராயரில்.
அடுத்த செவ்வாய் மூன்று புள்ளி இரண்டு.
அதற்கடுத்த செவ்வாய் இரண்டு புள்ளி நான்கு.

அன்று இரு கையாலும் நாற்காலியைப் பிடித்து
எழுந்தார். "உஃப் டா."
எனக்கு நிம்மதியாக இருந்தது,
வெட்கமாகவும்.

ஆர்டிஸுக்கு ஒட்டுப்பட்டை ஷூ வாங்கியாயிற்று. பழுப்பு நிறம்.
கழற்றினால் கர்ரென்று
ஏதோ கிழிகிற சத்தமாம்.
கிழமை நாளில் போடுகிறாள்.
ஞாயிறு சர்ச்சுக்கு மட்டும் லேஸ்தான் வேண்டுமாம்.

"வாரம் ஒரு தடவை மண்டியிட்டால்
எண் ஏறுமா?"
"எண் ஏறாது. உங்களால்தான் எழ முடியாது."
"அதனாலென்ன,
பிரசங்கத்துக்கு லேட்டாகும்.
அவ்வளவுதானே."