அளவு 104

இருபது வருடமாக
இந்த ஊரின் பெயரை
அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்து அனுப்பியவர்
முதல்முறையாக இதன் காற்றில் நிற்கிறார்.
பிரேமர்ஹாபன்.
டாக்சியில் ஏறியதும்
"துறைமுகம் எந்தப் பக்கம்?" என்றார்.
பிள்ளை எந்தப் பக்கம் என்று
நான் கேட்கவில்லை.
உள்ளங்கையில் எழுதிவைத்த முகவரி
பாதி அழிந்திருந்தது,
இத்தனை குளிரிலும் வியர்த்து.

குழந்தைகள் நல அலுவலகம் ஐந்தாம் மாடி.
அதியன் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டதால்
லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று
கதவு திறந்து
ஆளில்லாத நடைபாதையைக் காட்டி
மூடிக்கொண்டது.
அடிக்க ஓங்கிய கையை
மூலையில் கேமராவைப் பார்த்ததும்
அவன் தலையைத் தடவுவதாக மாற்றினார் இவர்.

திருமதி ஹார்ம்ஸ் கேள்விகளை வாசித்தார்.
மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்.
"பிள்ளையை என்னத்துக்காகத் தத்தெடுக்க விரும்புறியள்?"
"என் தங்கச்சி மகளுங்க.
நான் பெரியம்மா."

வினோதினி
காற்றாலை இறக்கைக்குக் கணக்குப் போட வந்தவள்.
கல்யாணம், அது முறிந்தது, லேனா, கட்டி
எல்லாவற்றையும் ஃபோனில்தான் சொன்னாள்,
கட்டியை மட்டும்
ரொம்பத் தாமதமாக.

நான் சொன்ன மூன்று வார்த்தையை
அவர் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.
திருமதி ஹார்ம்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.
அவர் என் பக்கம் குனிந்து,
"பெரியம்மா எண்டதுக்கு இவையளிட்டைச் சொல் இல்லை.
மூத்த அம்மா எண்டு சொல்லிப்போட்டன்.
பரவாயில்லையோ?"

லேனா
வளர்ப்புத்தாய் பிரிகிட்டேயின் கோட்டுக்குப் பின்னால் வந்தாள்.
மஞ்சள் மழைச்சட்டை, ஒரு பூட்ஸ் பாதி கழன்றிருந்தது.
எங்களைப் பார்க்கவில்லை.
அதியனின் விழுந்த பல் இருந்த இடத்தை
வெகுநேரம் பார்த்தாள்.

இவர் பையிலிருந்து ஃபிராக்கை எடுத்தார்.
எங்கள் யூனிட்டில் தைத்தது,
கழுத்துப் பட்டையில் 104.
இந்த நாட்டுக் குழந்தைகளை
சென்டிமீட்டரில் தெரியும் இவருக்கு.
98, 104, 110.
ஒரு முகமும் தெரியாது.

புகைப்படம் வந்த மாதம் 104 சரிதான்.
அப்புறம் தாள் வந்தது,
தாளுக்கு முத்திரை,
முத்திரைக்குச் சாட்சியாக இன்னொரு முத்திரை.
தாள் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கும்.
பிள்ளை எங்கே உட்காரும்?

மணிக்கட்டுக்கு மேலே
நாலு விரல் ஏறி நின்றது கை.
நீட்டிப் பிடித்து
அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள் லேனா.
பிரிகிட்டே அழகு என்பதைப்போல் என்னவோ சொன்னார்.
இவர் மட்டும் தொழிலுக்குப் போய்விட்டார்.
மண்டியிட்டு, தோள்தையலை இரு விரலால் இழுத்து,
"நூத்திப் பத்து. தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.
அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அவள் இவர் வழுக்கையில் கை ஊன்றி
ஒற்றைக்காலில் நின்று
பூட்ஸை உதறினாள்.

அவ்வளவுதான்.
யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

டெல்லியிலிருந்து இன்னும் ஒரு தாள் வரவேண்டுமாம்.
திருமதி ஹார்ம்ஸ் சொன்னதைக் கேட்டு
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
பிறகு சொன்னார்:
"ஆறு மாசம்."

மாலையில் கடலணை மேல் நடந்தோம்.
தூரத்தில் பாரந்தூக்கிகள்
பெட்டிமேல் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தன.
"நம்ம பெட்டி எதுப்பா?" என்றான் அதியன்.
இவர் காதில் ஃபோன்.
திருப்பூரில் அப்போது இரவு பத்து மணி இருக்கும்,
கட்டிங் மாஸ்டரை எழுப்பியிருக்கிறார்.
"நூத்திப் பதினாறு. ஒரே ஒரு பீஸ்.
எக்ஸ்போர்ட் இல்லீங்க, வீட்டுக்கு.
கையை உள்ள மடிச்சுத் தைங்க,
பிரிச்சு விடற மாதிரி."

மறுமுனையில் என்ன கலர் என்று கேட்டிருக்கவேண்டும்.
இவர் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.

"மஞ்சள் வேண்டாம்" என்றான் அதியன்.
"லேனாவுக்கு மஞ்சள் புடிக்காது."
"உனக்கு எப்படிடா தெரியும்?"
"சொன்னா."
"எந்தப் பாஷையில?"

அவன் அதற்குள்
காற்றுக்கு எதிரே ஓடிப்போயிருந்தான்.