பத்து நிமிடக் கொதி

குலை வெட்டியபின் நின்ற தடைகள் நாற்பதை
ஆட்டோவில் ஏற்றிவிட்டு
"இதுக்கா பைசா தாறிய?" என்றார் ஏசுவடியான்.
இதற்குத்தான்.
ஏத்தன் வாழை. குலை போனபின்
விளையில் கிடந்து அழுகும், இல்லையென்றால்
ஓடைக்குக் குறுக்கே ஒரு மழைக்காலம் பாலமாகும்.

குழித்துறையில், கல்லூரியின் பின்புறம்,
முன்பு சைக்கிள் நிறுத்திய கொட்டகைதான் எங்கள் ஆய்வகம்.
தடையைச் சீவி, காரத்தில் வேகவைத்து, வெளுத்து,
கழுவி, கழுவி, கழுவி
மிஞ்சுவது ஒரு வாளி வெள்ளைக் கூழ்.
அதற்குள் நார். நாருக்குள் நார். அதற்குள்ளும்
கண்ணுக்கு எட்டாத இழைகள்
ஒன்றையொன்று கைவிடாமல்.

பிரிக்க ஓர் இயந்திரம் இருக்கிறது.
ஊசித்துளை இடுக்கில் கூழை இடித்துத் தள்ளும்.
இருபது முறை தள்ளவேண்டும் என்றார்கள்.
பதினொன்றில் அடைத்துக்கொண்டது.
துறைத்தலைவர் என்னைத் திட்டவில்லை;
கரண்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே நொதி.
மட்கிய மரத்தில் வாழும் ஒரு பூஞ்சையின் எச்சில்
ஐஸ் பெட்டிக்குள் சின்னக் குப்பியில், பஸ்ஸில் வந்தது.
ஐம்பது டிகிரிச் சூடும் லேசான புளிப்பும் போதும் அதற்கு.
தளர்ந்த இடம் எதுவென்று தடவித் தேடி
அங்கேதான் முதலில் கடிக்கும்.
இரண்டு மணி நேரம் விடலாம். பிறகு கொதியில் இட்டுக்
கொல்லவேண்டும்.
கொல்ல, என்றுதான் நோட்டில் எழுதுகிறோம்,
உயிரே இல்லாத ஒன்றை.

முதல்முறை நான் தூங்கிவிட்டேன்.
விடிந்தபோது சூட்டுத்தொட்டி விசுவாசமாய் ஐம்பதிலேயே நின்றது.
குடுவைக்குள் கூழ் இளைத்துப் போயிருந்தது.
விளிம்பில் எறும்புகள்,
சுவரிலிருந்து ஒழுங்காய், வரிசையாய்.
எதையும் நக்கிப் பார்க்கக் கூடாது என்பது ஆய்வக விதி.
எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று வாரத்து வாழை
சர்க்கரையாய்ப் போயிற்று.

இரண்டாம்முறை விழித்திருந்தேன்.
நேரம் முடிய நாலு நிமிடம் இருக்கையில் கரண்ட் போனது.
மழை. மார்த்தாண்டம் வரைக்கும் இருட்டு என்றார் வாட்ச்மேன்.
தொட்டி ஆறும்தான், ஆனால் மெதுவாய்;
ஆறும் வரை அது கடித்துக்கொண்டே இருக்கும்.

குடுவையைத் துண்டில் சுற்றிச் சந்திப்புக்கு ஓடினேன்.
றாபின்சன் கடையில் கேஸ் அடுப்பு எரிந்தது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தான்.
"அண்ணா, பத்து நிமிசம். இதக் கொதிக்க வைக்கணும்."
"என்னது, கஞ்சியா?"
"வாழத்தட."
பொரிச்சட்டியைப் பார்த்தான். குடுவையைப் பார்த்தான்.
"ரெண்டும் ஒரே மரந்தான்" என்று
டீக்குக் கொதித்த வெள்ளத்தில்
குடுவையைக் கழுத்தளவு இறக்கினான்.

ரப்பர் பால் லாரிக்காரர் இருவர்
என் கைபேசியில் ஓடும் நொடிகளைக் கூடவே எண்ணினார்கள்.
எட்டாவது நிமிடம் ஒருவர்
"போதும் பிள்ள, வெந்திருக்கும்" என்றார்.
நான் பத்து வரை நின்றேன்.
அந்த வெள்ளத்தை றாபின்சன் ரோட்டில் கொட்டினான்,
நான் சொல்லும் முன்பே.

மறுநாள் இயந்திரம் நாலே முறையில் விட்டது.
சத்தம்கூட மாறியிருந்தது, முக்கல் இல்லை.
முனையில் வழிந்தது நுங்குபோல் நடுங்கும் ஏதோ ஒன்று.
நூற்றில் இரண்டு பங்குதான் நார், மீதியெல்லாம் தண்ணீர்.
கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.
விழவில்லை.
இன்னொருமுறை கவிழ்த்தேன், சும்மா, பார்க்க.

காயவைத்த தாளில் ஒரு துண்டு கடைக்குக் கொண்டுபோனேன்.
றாபின்சன் விளக்குக்கு நேரே பிடித்தான். இழுத்தான். கிழியவில்லை.
"இதுல பழம்பொரி பொதிஞ்சு குடுக்கலாமா?"
எண்ணெய் தாங்கும். ஈரம் தாங்காது, இன்னும்.
"அப்போ நம்ம ஊரு மழைக்கு ஆகாது"
என்று திருப்பித் தந்துவிட்டு
அடுத்த ஈட்டுக்கு மாவைக் கலக்கப் போனான்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்,
நாள், நேரம்,
கேட்டவர்: றாபின்சன், டீக்கடை.