ஆமையும் அமீனாவும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
கார்லிஸ் டன்பாரின் வீட்டுக்கு அமீனா வந்தாள்.
அமீனா என்றால் அமீனா இல்லை,
நகரசபை இன்ஸ்பெக்டர், பேர் வெர்னெல்.
கையில் டேப், காதில் செருகிய பென்சில்,
மணல் புகாத பூட்ஸ்.

வட கரோலினாவில்
நீட்டிப் படுத்த ஒரு மணல் தீவு.
தூண்களின் மேல் அந்த வீடு.
கடலுக்கும் அதற்கும் நடுவே
ஒரு மணல்மேடு, கொஞ்சம் புல்.
வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டால்தான்
இன்சூரன்ஸ் கட்ட முடியும்.
கட்டினால்தான்
அடுத்த புயல்வரை வீடு அவளுடையது.

புகைமணியை அழுத்தினாள் வெர்னெல், அலறியது.
தீயணைப்பானின் முள் பச்சையில் நின்றது.
மாடிப்படிக் கைப்பிடி ஆடவில்லை.
மூன்றாவது அறையில்தான் நின்றுவிட்டாள்.
ஜன்னலை அளந்தாள். மறுபடி அளந்தாள்.
"தீப்பிடித்தால் இதன் வழியே
ஓர் ஆள் வெளியேற முடியாது.
இது படுக்கையறை இல்லை."

கார்லிஸும் தம்பி டெல்மரும்
பதினைந்து கோடை
அடுக்குக் கட்டிலில் படுத்த அறை.
அதே ஜன்னல் வழியாகத்தான்
டெல்மர் இரவில் பீர் குடிக்க நழுவுவான்.
பதினாறு வயது இடுப்பு அது.
சட்டத்திடம் அதைச் சொல்லவில்லை அவள்.

ஃபாரத்தில் எட்டுப் பேர் அடிபட்டு
ஆறு பேர் ஆயிற்று.
கட்டிலைக் கழற்ற ஒரு மத்தியானம் போதவில்லை.
மேல்கட்டிலின் அடிப்பலகையில்
ஆணியால் கீறியிருந்தது:
கார்லிஸ் குறட்டை விடுகிறாள், 1979.
பலகையை மட்டும் காரில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பக்கம், அவசரத்துக்கு ஒருவர்.
இரவோ பகலோ போனை எடுத்து
அரை மணிக்குள் வந்து எட்டக்கூடிய ஆள்.
கார்லிஸ் இருப்பது நாலு மணிநேரத் தொலைவில்.
டெல்மர் இருப்பது
எந்த ரோடும் எட்டாத இடத்தில்.

குளிர்காலத்தில் அந்தத் தெருவில்
வெளிச்சம் தெரியும் வீடுகள் மூன்று.
அதில் ஒன்று லைல் ஆஸ்ட்ராண்டருடையது,
பக்கத்து வீடு.
போன வருஷம் பதினொரு புகார் எழுதியவர்.
கார் அதிகம்.
குப்பைத்தொட்டி ஞாயிறு வரை தெருவில்.
பத்து மணிக்குமேல் கல்யாணக் கோஷ்டி பாடியது,
அதுவும் சுருதி விலகி.
ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
ஃபாரத்தை எடுத்துக்கொண்டு
கார்லிஸ் அந்த வாயின் படியேறினாள்.

படித்தார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார்.
"அப்படியானால் நான் யாரிடம் புகார் சொல்வது?"
"உங்களிடமே."
வெகுநேரம் கடலைப் பார்த்தார்.
"மாதம் எவ்வளவு?"
சொன்னாள்.
"இத்தனை நாள் சும்மாவே
எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்"
என்று கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று பாக்கி.
மே முதல் அக்டோபர் முடிய
கடல் பக்கம் ஒரு பல்பும் எரியக் கூடாது.
முட்டையிட ஏறும் ஆமை
வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.
பொரிந்த குஞ்சு
வெளிச்சத்தையே கடலென்று நம்பி
ரோட்டுக்கு வந்துவிடும்.

ஆமை புகுந்த வீடும்
அமீனா புகுந்த வீடும்
விளங்காது என்பார்கள் நம் பக்கத்தில்.
சரிதான்.
ஜூன் மாதம், முதல் குடும்பம்,
ஆறு பேர், கார் இரண்டு.
வராந்தா பல்பைக் கார்லிஸே கழற்றி
டிராயரில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
கதவருகே பெர்மிட் நம்பர் மட்டும் வெள்ளையாய்.
மற்றபடி வீடு
விளங்காமல் நின்றது.

பதினொன்றே முக்காலுக்கு
லைலின் போன் அடித்தது.
வாடகைக்கு வந்தவன் ரகசியக் குரலில்,
"சார், மணலில் பெரிதாய் ஏதோ
மூச்சுவாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து வருகிறது.
யாருக்குச் சொல்ல வேண்டும்?"
"யாருக்கும் சொல்லாதீர்கள்,
டார்ச் அடிக்காதீர்கள்" என்றார்,
பைஜாமாவோடு,
செருப்பைத் தேடாமல்
நாலு நிமிஷத்தில் எட்டினார்.