முப்பத்தைந்து பாகை

காலை ஏழரை. செம்பனை மட்டைகளில் ஈரம் காயவில்லை.
ரப்பர் உறைக்குள் வெந்நீர் ஊற்றுகிறேன்.
நாற்பத்தைந்து பாகை. இரண்டு குறைந்தால் காளைக்குத் தெரியும்,
ஐந்து கூடினால் ஒரு வாரம் என் பக்கமே திரும்பாது.
விளிம்பில் வாசலின். மறுமுனையில் கூம்பு,
கூம்பின் நுனியில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்.
என் முழங்கை நீளத்தில் ஒரு பொய்.

இரும்புச் சட்டத்துக்குள் பசுவுக்குப் பதிலாக
காயடித்த எருது நிற்கிறது.
கல் போல நிற்பதால் பாத்து என்று ரம்லான் வைத்த பெயர்.
மலாயில் அது கல்.
எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும்
யாரோ பின்னாலிருந்து எச்சரிக்கிற மாதிரி கேட்கும்:
பாத்து, பாத்து.

நானூற்றுப் பதினேழு வருகிறது.
மஃப்ரிவால், எழுநூற்று இருபது கிலோ,
மூக்கு வளையத்தில் ரம்லானின் இரண்டு விரல்.
முதலில் இரண்டு பொய்த் தாவல்.
ஏறவிட்டு, இறக்கி, ஒரு சுற்று நடத்தி.
மூன்றாவதுக்கு நான் வலப்புறம், குனிந்து, உறையைச் சாய்த்து.
ஓர் உந்தல். பின்கால்கள் மண்ணை விட்டெழும்பி மறுபடி மண்.
ஒரு நொடி. அவ்வளவுதான் விஷயம்.
பாத்து அசை போடுவதை நிறுத்தவே இல்லை.

(பிரதோஷத்தன்று நந்தியின் கொம்பிடையே பார்க்கும்போது
எனக்கு வேறு நினைப்பு வரும். சாமி மன்னிக்கட்டும்.)

அன்றைக்கு ஆறு மில்லி. பாலேடு நிறம்.
ஆய்வு அறைக்குள் கால் வைத்தேன், இடி, மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை;
போன மாதமே எழுதிக் கொடுத்த காகிதம்
அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது.
டாக்டர் சூ லெங் தீவிலிருந்து வருகிறார்,
பாலத்தில் லோரி கவிழ்ந்து வரிசை நகரவில்லை.
தண்ணீர்த் தொட்டியின் முள் முப்பத்தைந்திலிருந்து
முப்பத்திரண்டு. முப்பது.

என் உடம்பு முப்பத்தாறரை.
சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி
குழாயை அக்குளில் வைத்துக் கையை இறுக்கினேன்.
கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன்.
மில்லிக்கு நூறு கோடி என்பது கணக்கு.
இந்த நாட்டில் அத்தனை பேர் இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டார்.
பசியாறியாச்சா. தைப்பிங் பையன் வீட்டில் கேட்டால்
ஆபீஸ் வேலை என்று சொல்லு, மாடு என்று ஆரம்பிக்காதே.
சரி என்றேன், மூச்சை அளந்து விட்டபடி.
குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?
கையைத் தூக்க முடியலம்மா என்றேன்.
மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டு
ஒரு தைலத்தின் பெயர் சொன்னார்.

நாற்பது நிமிடம்.
தகரக் கூரையில் மழை எதையோ அவசரமாகக் கொட்டி அளந்தது.
ரம்லான் எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல்,
தே ஓ ஒரு கோப்பை தரையில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் நனைந்த தலையோடு நுழையவும் விளக்கு வந்தது.
குழாயைத் தொட்டுப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார்.
ஒரு துளி கண்ணாடித் தகட்டில்.
நீங்களே பாருங்கள் என்று நகர்ந்தார்.
உள்ளே மேகம் சுழன்றுகொண்டிருந்தது,
ஒன்றை ஒன்று விழுங்கி, திரும்ப உமிழ்ந்து.
அலை நான்கு என்று பதிவேட்டில் எழுதினேன்.
காளை எண், அளவு, நிறம், அலை.
காப்புச் சூடு என்ற கட்டத்தில் 'தொட்டி' என்றே எழுதினேன்.
வேறு என்ன எழுதுவது?

முந்நூற்றுப் பன்னிரண்டு குச்சிகள். ஊதா தீர்ந்து போனதால் ரோஸ்.
நைட்ரஜன் புகைக்குள் இறங்கின.
நானூற்றுப் பதினேழு அடுத்த வருடம் கால் புண்ணில் போய்ச் சேர்ந்தது.
குச்சிகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

போன வாரம் சுங்கை பாகாப்பிலிருந்து வேடியப்பன் அனுப்பிய படம்:
கிடாரிக் கன்று, நெற்றியில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளை,
இன்னும் நிற்கத் தெரியாத கால்கள்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
இடது அக்குள் அரித்தது, சும்மா.

தைப்பிங் நடக்கவில்லை. நேற்று வேறொரு வீட்டார்.
என்ன வேலையம்மா?
சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது என்றேன்.
சமையலா என்றார் பெரியம்மா முறையான ஒருவர்.
கிட்டத்தட்ட என்றேன்.

இன்று காலை பாத்துவுக்கு
அன்னாசித் தோல் ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்தேன்.
தின்றது. சட்டத்துக்குள் போய்த் தானாகவே நின்றது.